கூடை கொடுத்த பிறகு என்ன? வறிய குடும்பங்களுக்கு உதவும் இயக்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நாட்டின் பல ஊர்களில் ஒரே மாதிரியான நிகழ்ச்சியைக் காணலாம். ஆலய மண்டபத்திலோ சமூகக் கூடத்திலோ நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். மேசையில் அரிசி, சமையல் எண்ணெய், சீனி, மாவு, மைலோ அடங்கிய பைகள் அடுக்கப்பட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் பேசி முடித்ததும் பெயர்கள் அழைக்கப்படும். பெற்றுக்கொள்பவர் படத்துக்கு நின்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார்.

செய்தி சேகரிக்கச் செல்லும் எங்களுக்குச் சில முகங்கள் பழகிவிடுகின்றன. ஓர் ஆண்டு கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற அம்மா, சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளையைப் பள்ளிச் சீருடையில் அழைத்துக்கொண்டு அதே வரிசையில் நிற்பார்.

கொடுப்பவர்களைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சொந்தக் காசைப் போட்டு, விடுமுறை எடுத்து, பொருள்களை மூட்டை கட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால், ஒரு குடும்பம் ஐந்தாவது ஆண்டாக நம் பட்டியலில் இருக்கிறது என்றால் நாம் அதற்கு உதவியிருக்கிறோமா, அல்லது பசியை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறோமா என்ற கேள்வியை நிர்வாகக் கூட்டத்தில் யாராவது எழுப்பியாக வேண்டும். ஆலய நிர்வாகங்கள், இளைஞர் மன்றங்கள், மகளிர் பிரிவுகள், பொது இயக்கங்கள் தங்கள் உதவித் திட்டத்தை எப்படி மாற்றி அமைக்கலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

யார் வறியவர்?

ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 980 ரிங்கிட்டுக்குக் கீழ் இருந்தால் அது வறிய குடும்பம் என்பதே முன்பு அரசாங்கக் கணக்காக இருந்தது. அந்தக் கணக்கின்படி 2016இல் நாட்டில் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு மட்டுமே. 2019இல் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் இந்த அளவுகோல் நடப்புக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். 2020இல் அளவுகோல் 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டுக்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு என அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வறுமைக் கோடு 2,589 ரிங்கிட், விகிதம் 6.2 விழுக்காடு.

அளவுகோல் மாறியதும் ‘இல்லாத’ ஏழைகள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இயக்கங்களுக்கும் இதில் பாடம் உண்டு. யாரைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக எழுதி வைக்காவிட்டால், முதலில் வந்து கேட்பவருக்கும் தலைவருக்குத் தெரிந்தவருக்குமே உதவி போய்ச் சேரும். கேட்கத் தெரியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார்கள்.

நம்மவர் வறுமையின் முகமும் மாறிவிட்டது. தோட்டத்தில் சம்பளம் குறைவு என்றாலும் வேலையோடு வீடு இருந்தது. பின்னால் நாலு பாத்தி கீரை, ஒரு மாடு, பக்கத்து லயத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி என்று செலவைத் தாங்க ஏதாவது இருந்தது. தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் கைமாறியபோது வேலை போனதோடு வீடும் போனது. நகரத்து மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்துக்கு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, தண்ணீர், மின்சாரம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் என எல்லாமே காசாகிவிட்டது.

கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 17 மலிவுவிலை அடுக்குமாடிப் பகுதிகளில் ஆய்வு நடத்தி யுனிசெப் 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்கு 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தனர். வானுயர்ந்த கட்டடங்களின் நிழலில், பஸ்ஸுக்கு எட்டும் தூரத்தில் மருத்துவமனை இருக்கும் இடத்தில் இந்த நிலை.

200 பைகளின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஓர் இயக்கம் ஆண்டுக்கு 200 பைகள் கொடுக்கிறது. ஒரு பைக்கு 80 ரிங்கிட். மொத்தம் 16,000 ரிங்கிட். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அந்தப் பை ஒரு வாரம் வரும், சிக்கனமாக இருந்தால் பத்து நாள் வரும். ஐந்து ஆண்டுகளில் 80,000 ரிங்கிட் செலவாகியிருக்கும். பட்டியல் அப்படியே இருக்கும்.

அதே 16,000 ரிங்கிட்டில் 4,000 ரிங்கிட்டை அவசர உதவிக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை 12 குடும்பங்களுக்குப் பிரித்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,000 ரிங்கிட் வரும். இரண்டு ஆண்டுகளில் 2,000 ரிங்கிட். இது பெரிய தொகையல்ல. ஆனால் பதிவிலாகாவுக்குப் போய்வரும் செலவு, பிள்ளையின் ஓராண்டுப் பள்ளிப் பஸ் கட்டணத்தில் ஒரு பகுதி, வாகன உரிமக் கட்டணம் என்று குறிவைத்துச் செலவிட்டால் ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றக்கூடிய தொகை. இரண்டு ஆண்டுக்கு 12 குடும்பங்கள் என்றால் பத்து ஆண்டுகளில் 60 குடும்பங்கள்.

பைகளே வேண்டாம் என்பதில்லை. வெள்ளம், தீ விபத்து, குடும்பத் தலைவரின் மரணம், திடீர் வேலையிழப்பு ஆகிய நேரங்களில் அரிசியும் எண்ணெயும்தான் முதல் உதவி. ஆண்டு முழுதும் நீடிக்கும் வறுமைக்கு அதே மருந்தைக் கொடுப்பதில்தான் சிக்கல்.

முன்னுதாரணங்கள்

தோட்டத் துண்டாடல் நம் மக்களை நடுத்தெருவில் நிறுத்திய காலத்தில், துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்குவதே திட்டம். இதில் கவனிக்க வேண்டியது, தொழிலாளி அங்கே உதவி பெறுபவராக அல்லாமல் பங்குதாரராக இருந்தார் என்பதுதான். ஏழை என்பதால் அவரிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று அவர்கள் நினைக்கவில்லை.

வெளிநாட்டிலும் இதற்கு ஆதாரம் உண்டு. வங்காளதேசத்தின் ‘பிராக்’ அமைப்பு 2002இல் மிக வறிய குடும்பங்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆடு, மாடு போன்ற ஒரு பிழைப்பாதாரம், அதற்கான பயிற்சி, தொடக்கத்தில் சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகை, சேமிப்பு, வீட்டுக்கே வந்து பேசும் ஒரு வழிகாட்டி ஆகிய அனைத்தும் சுமார் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து வழங்கப்பட்டன. இதே முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் குடும்பங்களின் உணவு, வருமானம், சேமிப்பு ஆகியவை முன்பைவிட மேம்பட்டே இருந்தன.

நம் ஊர் அடுக்குமாடியில் ஆடு வளர்க்க முடியாது. ஆனால் பல உதவிகளைச் சேர்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரே ஆள் தொடர்ந்து வந்து பார்க்கும் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று மாதம்: பத்திரங்களும் உரிமைகளும்

ஓர் இயக்கம் காசு செலவழிக்கும் முன்பு, குடும்பத்துக்கு ஏற்கெனவே சேர வேண்டியது வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இதுதான் அதிகப் பலன் தரும் வேலை.

பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும்: பிள்ளை பிறந்து 60 நாள்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு. அதற்கு ஆவணங்களும் அலைச்சலும் அதிகம். அடையாள அட்டை இல்லாதவருக்கு முறையான வேலை, வங்கிக் கணக்கு, அரசாங்க உதவி எதுவும் எளிதில் கிடைக்காது. எனவே வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பத்திரத்தையும் முதல் வருகையிலேயே சரிபார்க்க வேண்டும்.

திருமணப் பதிவு: 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் சட்டப்படி பதியப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியது சமூகத்துக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. பெற்றோரின் திருமணம் பதியப்படாமல் பிறக்கும் பிள்ளை, குடியுரிமையில் தாயைச் சார்ந்தே கருதப்படும். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், தந்தை மலேசியர் என்றாலும் பிள்ளை குடியுரிமை இல்லாமல் நிற்கும் ஆபத்து உண்டு. ஆலய நிர்வாகங்கள் செலவே இல்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்: பதிவு ஏற்பாட்டைக் கேட்டு உறுதிசெய்யாமல் திருமணத்துக்கு நாள் கொடுக்காதீர்கள்.

அரசாங்க உதவிகள்: வறிய குடும்பங்களின் தேசியத் தரவுத் தொகுப்பான இ-காசேவில் குடும்பம் பதிந்திருக்கிறதா? எஸ்.டி.ஆர். ரொக்க உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறதா? மைகார்டு வழி அத்தியாவசியப் பொருள் வாங்கும் சாரா உதவியை எந்தக் கடையில் பயன்படுத்துவது என்று தெரியுமா? சமூகநலத் துறையில் பிள்ளைகள், முதியோர், மாற்றுத் திறனாளிகள், படுத்த படுக்கையாக இருப்போரைக் கவனிப்பவர்கள் ஆகியோருக்குத் தனித்தனி மாத உதவிகள் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆர்.எம்.டி. எனும் கூடுதல் உணவுத் திட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

சொக்சோவும் இ.பி.எப்.பும்: கணவர் வேலையில் இருந்து இறந்திருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொக்சோ பிழைத்திருப்போர் ஓய்வூதியம் கிடைக்க வாய்ப்புண்டு. இது தெரியாமலேயே கைம்பெண்கள் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போகிறார்கள். இறந்தவர் கடைசியாக வேலை செய்த இடம், சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தேடிப் பிடிப்பதே இங்கு தொண்டு. இல்லத்தரசிகளுக்கென 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட சொக்சோ திட்டத்துக்கு ஆண்டுச் சந்தா 120 ரிங்கிட். 55 வயதுக்குட்பட்டவர்கள் சேரலாம். ஒன்றரைப் பையின் விலையில் ஓர் ஆண்டுப் பாதுகாப்பு கிடைக்கிறது.

அடுத்து: கடனும் வருமானமும்

கடனை மறைக்கும் குடும்பத்துக்குக் கொடுக்கும் உதவி, ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர். ஆனால் முதல் நாளே கடனைப் பற்றிக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். நான்காவது, ஐந்தாவது வருகையில் பேச்சோடு பேச்சாக வரும். அப்போது ஒரு தாளில் யாருக்கு, எவ்வளவு, மாதம் என்ன கட்டுகிறார்கள் என்று எழுதச் சொல்லலாம். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, வாகனத் தவணை என்றால் பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. இலவசமாக ஆலோசனை தந்து தவணையைச் சீரமைக்க உதவும். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர்கள் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆலோங்கிடம் சிக்கியவர்கள் விஷயத்தில் இயக்கம் தானே பணத்தைக் கட்டி முடிக்கப் போகக் கூடாது. காவல் துறைப் புகார், சட்ட உதவி ஆகியவற்றுக்குத் துணை நிற்கலாம்.

வருமானம் என்றதும் தையல் இயந்திரம், அடுப்பு, தள்ளுவண்டி என்று வாங்கிக் கொடுப்பது வழக்கம். எல்லாராலும் வியாபாரம் செய்ய முடியாது. வாங்குகிறவர் யார், போட்டி எவ்வளவு, மூலதனம் தீர்ந்தால் என்ன என்று கேட்காமல் கொடுத்த இயந்திரம் துணி போட்டு மூடிய நிலையில் மூலையில் நிற்கும். ஏற்கெனவே சிறிதாக வியாபாரம் செய்து வருபவருக்கு தெக்குனின் ஸ்புமி கடனுதவி, அமானா இக்தியாரின் சிறுகடன் ஆகியவற்றைக் காட்டலாம். மற்றவர்களுக்கு நிலையான சம்பளமே நல்லது. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கையில் காசு வாங்கும் நாள் கூலியிலிருந்து, இ.பி.எப்.பும் சொக்சோவும் பிடிக்கும் வேலைக்கு ஒருவரை மாற்றிவிட்டால் அதன் பலன் அவருடைய முதுமை வரை வரும்.

அந்த மாற்றத்துக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் சிறிய விஷயங்கள்தாம்: மோட்டார் சைக்கிள் உரிமம் இல்லை, காலாவதியான சாலை வரி, குழந்தையை விட்டுச்செல்ல இடமில்லை. இயக்கத்தின் பணம் போக வேண்டிய இடம் இதுவே.

பிள்ளைகள்: எந்த வயதில் கை நழுவுகிறது?

ஆண்டுத் தொடக்கத்தில் புத்தகப்பையும் சீருடையும் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை நழுவும் இடங்களோ வேறு. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முதல் ஆண்டில் மொழியும் சூழலும் மாறுகின்றன. புகுமுக வகுப்பிலேயே சோர்ந்துவிடுபவர்கள் உண்டு. அடுத்தது நான்காம், ஐந்தாம் படிவம். பகுதிநேர வேலையில் கையில் காசு பார்த்த பையன் பள்ளியை மறந்துவிடுவான். மூன்றாவது, எஸ்.பி.எம். முடித்த பிறகு வரும் இடைவெளி. விண்ணப்பத் தேதி தெரியாமல் தொழிற்திறன் பயிற்சி வாய்ப்பைத் தவறவிடுவது இங்கேதான்.

இந்த மூன்று கட்டத்திலும் பிள்ளையின் வருகைப் பதிவைக் கவனிக்க ஓர் அண்ணனோ அக்காவோ இருந்தால் போதும். மாதம் நான்கு நாளுக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை என்றால் அன்றே வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது

இரு வாரத்துக்கு ஒரு முறை, இருவராக, அவர்களில் ஒருவர் பெண்ணாகச் செல்வது நல்லது. ஒவ்வொரு முறையும் ஆள் மாறக் கூடாது. “ஏன் வேலைக்குப் போகலை?”, “குடிச்சா எப்படி முன்னேறுறது?” என்று தொடங்கினால் அடுத்த முறை கதவு திறக்காது. “அக்கா, போன வாரம் பதிவிலாகாவுக்குப் போனீங்களே, என்ன சொன்னாங்க?” என்று தொடங்கினால் பேச்சு வளரும். வீட்டில் குடிப்பழக்கம் இருந்தால் வீட்டு அம்மாவின் பெயரில் தனி வங்கிக் கணக்கு திறப்பதை முதலில் பாருங்கள்; அறிவுரை பிறகு.

ஆறு மாதத்துக்கான இலக்குகளைக் குடும்பமே சொல்ல வேண்டும். இயக்கம் எழுதிக்கொள்ளும், இரு தரப்பும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளும். குடும்பத்தின் பங்கும் அதில் இருக்க வேண்டும்: மாதம் இருபது ரிங்கிட் சேமிப்பு, பிள்ளையின் முழு வருகை, மருத்துவப் பரிசோதனை என ஏதாவது ஒன்று.

இன்னொன்று, படம். உதவி வாங்கும் பிள்ளையின் முகம் முகநூலில் போனால் மறுநாள் பள்ளியில் சக மாணவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். குடும்பத்தின் கோப்பு யாரிடம் இருக்கும், யார் படிக்கலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

எதை எண்ணுவது?

எத்தனை பை கொடுத்தோம் என்பது இயக்கத்தின் உழைப்பைக் காட்டும். குடும்பத்தின் நிலையைக் காட்டாது. தொடக்கத்திலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் இந்த ஆறு கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்யலாம்:

1. வீட்டில் அனைவருக்கும் முறையான பத்திரங்கள் உள்ளனவா?
2. சென்ற மாதம் காசில்லாமல் ஒரு வேளை உணவைத் தவிர்த்த நாள்கள் எத்தனை?
3. இ.பி.எப்., சொக்சோ உள்ள வேலையில் எத்தனை பேர்?
4. மாதக் கடன் தவணை வருமானத்தில் எவ்வளவு பங்கு?
5. பிள்ளைகள் சென்ற மாதம் பள்ளிக்குப் போகாத நாள்கள் எத்தனை?
6. அவசரத்துக்கு எடுக்க 500 ரிங்கிட் சேமிப்பு உண்டா?

இவற்றில் ஐந்துக்காவது பதில் நல்ல விதமாக மாறி, ஆறு மாதம் அப்படியே நீடித்தால் அந்தக் குடும்பத்துக்கு மரியாதையோடு விடை கொடுத்து அடுத்த குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தனித்து வாழும் முதியவர்களுக்கும் தீரா நோயாளிகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. அவர்களுக்குத் தொடர் உதவியே முறை. அவர்கள் பெயரைத் தனிப் பட்டியலில் வையுங்கள்.

கணக்கும் சட்டமும்

சங்கப் பதிவிலாகாவில் பதிந்த இயக்கங்கள் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டக் காவல் துறையின் அனுமதி தேவை. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றால் நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கும். நிறுவனங்களை அணுக அது பெரிதும் உதவும். தனிநபர் வங்கிக் கணக்கில் நன்கொடை பெறுவதை எந்த நிலையிலும் தவிர்க்க வேண்டும்.

மறுக்க வேண்டிய 188 பேர்

இந்த மாற்றத்தில் கடினமான பகுதி இதுதான். 200 பேருக்குக் கொடுத்துவந்த இயக்கம் 12 குடும்பங்களை எடுத்தால் மற்ற 188 பேருக்கு என்ன பதில்? “அவங்களுக்கு மட்டும் ஏன்?” என்ற கேள்வி ஆலய வாசலிலேயே வரும். நன்கொடையாளரும் கூட்டமில்லாத நிகழ்ச்சியைக் கண்டு தயங்கக்கூடும்.

ஒரே ஆண்டில் அனைத்தையும் நிறுத்தத் தேவையில்லை. முதல் ஆண்டு பைகளைப் பாதியாக்கி நான்கு குடும்பங்களோடு தொடங்கலாம். பை பெற வரும் அனைவருக்கும் அதே மண்டபத்தில் பத்திரம், அரசாங்க உதவி ஆகியவற்றைச் சரிபார்க்க நான்கு மேசைகள் போடலாம். சிறப்பு விருந்தினர் உரையைச் சுருக்கினால் நேரம் கிடைக்கும். தேர்வு விதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் ‘ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள்’ என்ற பேச்சு குறையும். தேர்வுக் குழுவில் முன்பு உதவி பெற்று மீண்ட ஒருவர் இருப்பது இன்னும் நல்லது.

எல்லாக் குடும்பமும் மீளாது. சில குடும்பங்கள் பாதியில் விலகும். சில, சொல்லாமல் வீடு மாறும். அதையும் ஆண்டறிக்கையில் எழுதுங்கள். எட்டுக் குடும்பங்கள் மீண்டன, நான்கு மீளவில்லை, காரணம் இவை என்று எழுதும் இயக்கத்தை நன்கொடையாளர் நம்புவார்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு ஒரே ஒரு வேலை. கடந்த ஐந்து ஆண்டுப் பெயர்ப் பட்டியல்களை மேசை மேல் வையுங்கள். ஐந்திலும் வரும் பெயர்களுக்குச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். பிறகு அந்தப் பெயர்களில் முதலாவது வீட்டுக்கு, பை எதுவும் எடுத்துக்கொள்ளாமல், இருவர் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.